ஒன்றரை ரூபாய்க் கடன்

சில ஊர்களைக் கண்ணால் காண்பதற்கு முன்பே காதால் கேட்டு அறிந்துவிடுகிறோம். எனக்குத் தனுஷ்கோடி அத்தகைய ஊர். நான் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே கடல் கொண்டுபோய்விட்ட ஊர் அது. ஆயினும் அதன் இரயில் நிலையம் எந்தப் பக்கம், கப்பல் துறை எந்தப் பக்கம், சுங்கச் சோதனைக்கு எங்கே வரிசையில் நிற்க வேண்டும், எந்தக் கடையில் தேயிலைத் தண்ணீர் சூடாகக் கிடைக்கும் என்பதெல்லாம் எட்டு வயதிலேயே எனக்கு மனப்பாடம். எல்லாம் என் அப்பா அவர்கள் சொல்லிச் சொல்லி என் நெஞ்சில் பதித்தவை.

அப்பா என்று நான் குறிப்பிடுவது என் பாட்டனாரை. எங்கள் காயல்பட்டினத்தில் பெற்ற தந்தையை வாப்பா என்றும், பாட்டனாரை அப்பா என்றும் அழைப்பது வழக்கம். எங்கள் ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. வீடு பெண்ணுக்கு உரியது. திருமணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ வேண்டும். ஆகவே பேரப்பிள்ளைகள் தாய்வழிப் பாட்டனாரின் மடியிலேயே வளரும் பேறு பெற்றவர்கள். என் வாப்பா பிழைப்புக்காகக் கடல் கடந்திருந்த ஆண்டுகளில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றதும், கைபிடித்துப் பள்ளிவாசலுக்குக் கூட்டிச் சென்றதும், மாலையில் கடற்கரை மணலில் உட்கார வைத்துக் கதை சொன்னதும் அப்பா அவர்கள்தாம்.

கடல் தாண்டிப் போவது எங்கள் ஊருக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ‘காயல்’ என்னும் துறைமுகத்தின் வணிகச் சிறப்பை எழுதி வைத்திருக்கிறார். துறைமுகம் மணல் மூடிப் போன பின்னும் மக்களின் கடற்பயணம் நிற்கவில்லை. என் அப்பா அவர்கள் காலத்தில் ஊரின் ஆண்மக்களில் பலருக்குப் பிழைப்பு கொழும்பில்தான் இருந்தது.

போட்மெயில் காலம்

அப்பா அவர்கள் முதன்முதலாகக் கொழும்புக்குப் போனது 1946-ஆம் ஆண்டில். அப்போது அவர்களுக்குப் பதினான்கு வயது. மாமா ஒருவரின் கடையில் எடுபிடி வேலை. காயல்பட்டினத்தில் இரயில் ஏறித் திருநெல்வேலி, அங்கிருந்து மதுரை, பிறகு மானாமதுரையில் காத்திருந்து சென்னையிலிருந்து வரும் போட்மெயிலைப் பிடிக்க வேண்டும். பாம்பன் பாலம் கடந்து தனுஷ்கோடித் துறையில் இறங்கினால் எதிரே கப்பல் நிற்கும். இர்வின், கோஷன் என்று ஒரு வைஸ்ராயின் பெயரும் ஒரு சென்னைக் கவர்னரின் பெயரும் தாங்கிய நீராவிக் கப்பல்கள் அவை. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான கடற்பயணம். தலைமன்னாரில் இறங்கினால் அங்கே இன்னோர் இரயில் காத்திருக்கும். மறுநாள் காலை கொழும்புக் கோட்டை.

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் இலங்கை செல்வோர் தூத்துக்குடிக்குப் போய் நீண்ட கடற்பயணம் செய்ய வேண்டியிருந்தது. பாலம் வந்த பிறகு கடல்வழி சுருங்கியது. “ஒரு தொழுகைக்கும் மறு தொழுகைக்கும் இடையில் நாடு மாறிப் போகும் வாப்பா” என்று அப்பா அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

கொழும்பில் புறக்கோட்டை. சிவப்பும் வெள்ளையுமாகக் கற்கள் அடுக்கிய சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் பாங்கோசை கேட்கும் தூரத்தில் கடை. பதினெட்டு ஆண்டுகள் அப்படிப் போய் வந்தார்கள். இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்திற்குப் பின்னர் விசா, தங்கும் அனுமதி என்று கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைகள் கைமாறின. ஊரில் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். அப்பா அவர்கள் மட்டும் கணக்கை முடிக்கக் கடைசியாக ஒரு முறை போய் வருகிறேன் என்று புறப்பட்டது 1964 டிசம்பர் தொடக்கத்தில்.

அந்தப் பயணத்தில்தான் இக்கட்டுரைக்குத் தலைப்பாக நான் வைத்துள்ள கடன் ஏற்பட்டது.

“இந்தக் கரையிலேதான் இருப்பேன்”

தனுஷ்கோடியில் இரயிலை விட்டு இறங்கியதும் ஒரு கூலியாள் வந்து அப்பா அவர்களின் இரண்டு தகரப் பெட்டிகளையும் ஓர் ஓலைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டார். நடுத்தர வயது. தலையில் சிவப்புத் துண்டுச் சும்மாடு. கையில் பித்தளை வில்லை. அதில் 17 என்ற எண். சுங்கச் சோதனை முடியும் வரை பெட்டிகளோடு கூடவே நின்று, கப்பலின் மேல்தளம் வரை கொண்டுவந்து வைத்தார். பேசிய கூலி ஒன்றரை ரூபாய்.

மடியைத் தடவிப் பார்த்தபோதுதான் அப்பா அவர்களுக்குத் தெரிந்தது, கையில் இருந்த இந்தியப் பணம் அத்தனையையும் சோதனைச் சாவடியில் ஒப்படைத்தாகிவிட்டது என்று. எஞ்சியது இலங்கை நோட்டு மட்டுமே. நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. “இதை நான் எங்கே போய் மாத்துவேன் பாய்? திரும்பி வரும்போது கொடுங்க. நான் எங்கே போகப் போறேன்? இந்தக் கரையிலேதான் இருப்பேன்” என்று சொல்லிவிட்டு, கப்பல் சங்கு ஊதியதும் இறங்கி ஓடினார். பெயரைக் கேட்கக்கூட நேரமில்லை. துறைமேடையில் நின்று அவர் கையசைத்ததை அப்பா அவர்கள் கடைசிவரை மறக்கவில்லை.

இரண்டு வாரங்கள் சென்றன. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு அந்தப் புயல் வந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயில் தனுஷ்கோடி நிலையத்தை எட்டுவதற்குச் சற்று முன்னதாக, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு அலைக்குள் போயிற்று. ஊரே போயிற்று. நிலையம், அஞ்சலகம், மாதா கோயில், சுங்கச் சாவடி, கடைத்தெரு எல்லாம் சிதைந்தன. மாண்டவர்கள் ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு பேர் என்று கணக்கிடப்பட்டது. பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் இரும்புத் தாங்கிகள் கடலில் விழுந்தன. பொறியாளர் ஸ்ரீதரன் அவர்களின் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் செப்பனிடப்பட்டது. பாலம் மீண்டது; தனுஷ்கோடி மீளவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது.

கொழும்புக் கடையில் வானொலியில் செய்தி கேட்ட அப்பா அவர்கள் அன்று பகல் முழுவதும் பேசவில்லையாம். அடுத்த ஆண்டு கணக்கு முடித்து, விமானத்தில் திருச்சி வந்து, ஊர் சேர்ந்தார்கள். தனுஷ்கோடி வழியாகத் திரும்ப வழி இல்லை. கடன் அப்படியே நின்றுவிட்டது.

திருநெல்வேலிச் சந்திப்பில் ஒரு நாள்

கொடுக்க வேண்டியவரைத் தேடிக் காண இயலாதபோது, அவர் பெயரால் தருமம் செய்துவிட வேண்டும் என்று ஆலிம் பெருமக்கள் சொன்னார்கள். அப்பா அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒரு முறை செய்து முடித்துவிடவில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 22-ஆம் நாள் செய்தார்கள்.

எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அந்தப் பயணத்தில் நானும் உடன் செல்வேன். காலை இரயிலில் திருநெல்வேலிச் சந்திப்பு. அங்கே சுமை தூக்குவோரில் வயதில் மூத்தவராக ஒருவரைத் தேடி, அவர் கையில் பணத்தை வைப்பார்கள். முதலில் எல்லோரும் திகைப்பார்கள். ஒருவர், “மூட்டை எங்கே பாய்?” என்று கேட்டது நினைவிருக்கிறது. “மூட்டை எப்பவோ போய்ச் சேர்ந்தாச்சு தம்பி. கூலிதான் பாக்கி” என்றார்கள் அப்பா.

தொகையும் ஒன்றரை ரூபாயாகவே இருக்கவில்லை. “அன்றைக்கு ஒன்றரை ரூபாய் ஒரு குடும்பத்தின் இராச்சோறு. ஆகவே இன்றைக்கு ஒரு குடும்பத்தின் இராச்சோற்றுக்கு என்ன ஆகுமோ, அதுதான் நான் கொடுக்க வேண்டியது” என்பது அவர்களின் கணக்கு. நான் சிறுவனாக இருந்தபோது பத்து ரூபாய். கல்லூரிக்குப் போனபோது ஐம்பது ரூபாய். திரும்பும்போது எனக்குக் கால் கிலோ அல்வா வாங்கித் தருவார்கள். அந்த வயதில் எனக்கு அல்வாதான் முக்கியம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்பா அவர்கள் பெரிய செல்வந்தர் அல்லர். கொழும்புக் கடையின் பங்கில் கிடைத்ததை வைத்து ஊரில் ஒரு சிறு துணிக்கடை நடத்தினார்கள். கோபம் வந்தால் குரல் உயராது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள், அவ்வளவுதான். வீட்டில் சமைத்த மீனில் நடுத்துண்டு எங்கள் உம்மாவுக்கா, எனக்கா என்று அவர்களுக்கும் உம்மம்மாவுக்கும் நாள்தோறும் வழக்கு. மழை பெய்தால் முடுக்கு வழியே நடக்கும் பெண்களுக்கு வழுக்காமல் இருக்க மணல் அள்ளிப் போடுவது அவர்கள் தாமாக எடுத்துக்கொண்ட வேலை. இப்படிச் சின்னச் சின்னக் காரியங்களால் ஆன ஒரு வாழ்க்கை.

“அடுத்த விடுமுறையில்”

2017-ஆம் ஆண்டு தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. அதுவரை மணலில் ஜீப்பில் தட்டுத் தடுமாறித்தான் அங்கே போக முடியும். செய்தியைப் பத்திரிகையில் படித்த அப்பா அவர்கள், நான் ஜித்தாவிலிருந்து தொலைபேசியில் பேசியபோது, “இனி என்னைப் போன்ற கிழவனும் போகலாம் வாப்பா. நீ வரும்போது ஒரு தரம் கூட்டிப் போ. அங்கே பழைய ஆட்கள் யாராவது இருப்பார்கள். 17-ஆம் நம்பர் வில்லையைப் பற்றி விசாரிக்கலாம்” என்றார்கள்.

“இன்ஷா அல்லாஹ், அடுத்த விடுமுறையில்” என்றேன்.

அந்த விடுமுறையில் தங்கையின் திருமணம். அதற்கு அடுத்த விடுமுறையில் வீட்டு மராமத்து. பிறகு கொரோனா வந்து விமானங்களே நின்றன. அடுத்து வந்தபோது அப்பா அவர்களுக்கு மூட்டு வலி. காரில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் உட்கார இயலாது, இரயிலில் என்றால் வருகிறேன் என்றார்கள். அதற்குள் 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. “புதுப் பாலம் திறக்கட்டும் அப்பா, முதல் இரயிலில் போவோம்” என்றேன். நான் சொன்ன காரணங்கள் அனைத்தும் உண்மையானவை. ஆனாலும் 2018-லோ 2019-லோ ஒரே ஒரு நாளை நான் ஒதுக்கியிருக்கலாம் என்பது அவற்றைவிட உண்மை.

2024 பிப்ரவரியில் ஒரு சுபுஹு வேளையில் அப்பா அவர்கள் இறைவனடி சேர்ந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது தொண்ணூற்று இரண்டு. செய்தி கிடைத்து நான் விமானம் பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது நள்ளிரவு. அஸருக்குப் பிறகு நல்லடக்கம் முடிந்திருந்தது. அவர்களின் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஜனாஸா கொண்டுவரப்பட்டால் அண்ணல் நபி (ஸல்) அவர்கள், இவருக்குக் கடன் ஏதும் உண்டா என்று முதலில் வினவுவார்கள் என்பதை நாம் அறிவோம். எங்கள் பள்ளியிலும் தொழுகைக்கு முன், மர்ஹூம் அவர்கள் எவருக்கேனும் கொடுக்க வேண்டியது இருந்தால் வாரிசுகளிடம் தெரிவிக்குமாறு அறிவிப்பு செய்தார்களாம். ஒருவரும் முன்வரவில்லை என்று என் தம்பி சற்றுப் பெருமையோடு சொன்னான். என் மனமோ அந்தப் பித்தளை வில்லையை எண்ணிக்கொண்டிருந்தது.

கணக்குப் புத்தகம்

சில நாட்கள் கழித்து அப்பா அவர்களின் பெட்டியைத் திறந்தோம். இரண்டு சட்டை, ஒரு தஸ்பீஹ், கொழும்பில் வாங்கிய ஒரு பேனா, சிவப்பு அட்டை போட்ட ஒரு கணக்குப் புத்தகம். எழுத்தெல்லாம் அரபுத் தமிழ். எங்களில் யாருக்கும் சரளமாகப் படிக்க வராது. உம்மம்மாதான் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்.

‘கொடுக்க வேண்டியவை’ என்ற தலைப்பில் ஒரே ஒரு பெயர், அதுவும் பெயரன்று. ‘தனுஷ்கோடி கூலி, வில்லை 17.’ அதன் கீழே ஆண்டு வாரியாகத் தொகை. 1965-இல் ஒன்றரை ரூபாய். கீழே வர வர ஐந்து, பத்து, ஐம்பது, நூறு என்று ஏறி, கடைசியாக 2023-இல் ஐந்நூறு ரூபாய். அந்தக் கடைசி வரியின் எழுத்து கோணல் மாணலாக நடுங்கியிருந்தது. ஒவ்வொரு தொகைக்கும் நேராக இரண்டே சொற்கள்: ‘கொடுத்தது. தீரவில்லை.’ ஐம்பத்தொன்பது முறை அதே சொற்கள்.

அடுத்த பக்கம் ‘வர வேண்டியவை.’ அதிலும் ஒரே வரிதான். என் பெயர். பக்கத்தில் ‘தனுஷ்கோடிப் பயணம்.’ அதன் மேல் ஒரு கோடு போட்டு அடித்து, ‘ஹலாலாக்கிவிட்டேன்’ என்று எழுதியிருந்தார்கள்.

உம்மம்மா அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்காமல் புத்தகத்தை மூடினார்கள்.

மன்னிக்கப்பட்ட கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. எனினும் மன்னிக்கப்பட்டவன் சும்மா இருந்துவிட முடியுமா?

இருந்ததும் இல்லாததும்

புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. மே மாதம் நான் விடுமுறையில் வந்தபோது, பதினான்கு வயதான என் மகனை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். அப்பா அவர்கள் முதன்முதல் கடல் கடந்த வயது அது.

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார், சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை வழியாகக் காரில் இராமநாதபுரம். அங்கே காரை நிறுத்திவிட்டு இரயில் ஏறினோம். பாலத்தை இரயிலில்தான் கடக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். மண்டபம் வந்தது. போட்மெயில் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலிகளைத் தங்கவைத்து மருத்துவச் சோதனை செய்த முகாம் இங்கேதான் இருந்தது. பின்னாளில் அதே இடம் இலங்கையிலிருந்து உயிர் பிழைத்து வந்த அகதிகளின் முகாமாயிற்று. போனவர்களும் வந்தவர்களும் தங்கிய ஒரே மணல்.

இரயில் கடல் மேல் ஏறியது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேலான பாலம். நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, கப்பல் வரும்போது இயந்திரத்தால் அப்படியே மேலெழும்பி வழி விடுகிறது. பக்கத்திலேயே துருவேறி நின்றது பழைய பாலம். அதன் நடுப்பகுதியை ஆட்கள் கைகளால் சுற்றித்தான் திறப்பார்கள் என்று அப்பா அவர்கள் சொன்னதை மகனுக்குக் காட்டினேன். பெட்டியில் இருந்த எல்லோரும் புதிய பாலத்தைப் படம் எடுத்தார்கள். நான் பழையதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இராமேசுவரத்தில் இறங்கி, லுஹரும் அஸரும் சேர்த்துத் தொழுதுவிட்டு, ஆட்டோவில் தனுஷ்கோடி. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். போகப் போகத் தரை ஒடுங்கியது. ஒரு பக்கம் அமைதியான கடல். அதைப் பெண் கடல் என்கிறார்கள். மறுபக்கம் அலை ஓயாத கடல். அது ஆண் கடல். நடுவில் ஒரு சாலை, சிறிது மணல், சில புதர்கள்.

அப்பா அவர்கள் சொன்ன ஊரை நான் தேடினேன். கூரையில்லாத மாதா கோயிலின் சுவர்கள் நின்றன. இரயில் நிலையத்தின் சில வளைவுகள், ஒரு தண்ணீர்த் தொட்டியின் தூண்கள், அஞ்சலகம் என்று காட்டப்பட்ட ஒரு சுவர். கப்பல் துறை இருந்த இடத்தில் கடல் மட்டும் இருந்தது. எட்டு வயதில் மனப்பாடம் செய்த ஊரின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள ஒரு கடையைக்கூடக் காண முடியாமல் நின்றேன். சுற்றுலா வந்தவர்கள் சங்கு மாலைகளை விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெரியவரும் ஊற்று நீரும்

தனுஷ்கோடி அடியோடு ஆளற்ற ஊர் அன்று. மீனவக் குடும்பங்கள் சில இன்றும் ஓலைக் குடிசைகளில் வாழ்கின்றன. சங்குக் கடை வைத்திருந்த ஒரு பெண்மணியிடம் விசாரித்தேன். புயல் காலத்தில் இருந்தவர் என்று ஒரு பெரியவரிடம் அனுப்பினார். குடிசை நிழலில் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். புயலின்போது தமக்குப் பத்து வயது என்றார்.

வந்த காரியத்தைச் சொன்னேன். பித்தளை வில்லை, எண் 17, சிவப்புத் துண்டு, ஒன்றரை ரூபாய். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நெடுநேரம் யோசித்தார்.

“தெரியலையே தம்பி. துறையிலே மூட்டை தூக்குனவங்க நிறையப் பேரு. வெளியூர்க்காரங்களும் உண்டு. அந்த ராத்திரியிலே யாரு போனா, யாரு தப்பிச்சான்னே பாதிக்குக் கணக்கில்லை. எங்கய்யாவும் போனவருதான். உடம்பு கிடைக்கலை” என்றார்.

பிறகு அவரே கேட்டார்: “ஒன்றரை ரூவாய்க்கா இத்தனை வருசமா ஒரு மனுசன் நினைச்சுக்கிட்டு இருந்தாரு?”

ஆம் என்றேன். கணக்குப் புத்தகத்தைக் காட்டினேன். எழுத்து அவருக்குப் புரியாது. ஆயினும் வரி வரியாக விரலை ஓட்டிப் பார்த்தார்.

“இங்கே வர்றவங்க எல்லாம் இடிஞ்ச கோயில் எங்கே, ஸ்டேஷன் எங்கேன்னுதான் கேப்பாங்க. இங்கே இருந்த ஒரு ஆளைக் கேட்டு வந்தது நீங்கதான்” என்றார். அவர் கண்களில் நீர் கோத்திருந்தது.

நான் கொண்டுபோயிருந்த உறையை எடுத்து நீட்டினேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “நான் தூக்காத மூட்டைக்கு நான் எப்படித் தம்பி கூலி வாங்குறது?” என்றார்.

என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. அப்பா அவர்கள் இருந்திருந்தால் அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள் என்று தோன்றியது. சென்ற அறுபது ஆண்டுகளில் அவர்கள் தேடியது இப்படி ஒரு மனிதரைத்தான். ஒருவருக்கொருவர் நேராக நின்று பேச வேண்டிய இருவர். இடையில் நான் போட்ட காரணங்கள்.

பெரியவர் எழுந்து எங்களைக் குடிசைக்குப் பின்னால் அழைத்துப் போனார். கடலிலிருந்து சில அடி தொலைவில் மணலில் ஒரு குழி. அடியில் தெளிந்த நீர் ஊறி நின்றது. ஒரு குவளையில் மொண்டு என் மகனிடம் கொடுத்தார். உப்பே இல்லை. நல்ல தண்ணீர்! இரண்டு பக்கமும் உப்புக் கடல் இருக்க, நடுவில் இப்படி ஒரு நீரை வைத்த இறைவனின் கருணைதான் என்னே! “தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டினால் குடிதண்ணீர் வரும்” என்று அப்பா அவர்கள் சொன்னபோது, சிறுவனான நான் அதை மட்டும் நம்பாமல் இருந்தேன். அன்று அதே நீரைக் குடித்தேன். அவர்கள் சொன்ன தனுஷ்கோடியில் எனக்குக் கிடைத்தது அது ஒன்றே.

அரிச்சல்முனையில் கடைசியாக ஒரு முறை நின்றோம். அப்பால் மணல் திட்டுகள் கடலுக்குள் வரிசையாகச் செல்கின்றன. ஆதம் பாலம் என்று அவற்றைச் சொல்வார்கள். அதற்கும் அப்பால் தலைமன்னார். வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

“வாப்பா, அந்த ஆள் உயிரோடு தப்பிச்சிருந்தா?” என்று கேட்டான் மகன்.

“தப்பித்திருந்தால், தம் கூலி வரும் என்று அவர் நம்பியிருப்பார்” என்றேன்.

“அப்போ டிசம்பர்லே திருநெல்வேலிக்கு யாரு போறது?”

அவனுக்கு அந்தக் கேள்வி இயல்பாக வந்தது. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

கபுறடியில்

ஊர் திரும்பிய மறுநாள் அஸருக்குப் பின் அப்பா அவர்களின் கபுறுக்குச் சென்றேன். ஸலாம் சொல்லி, யாஸீன் ஓதி, நடந்ததை எல்லாம் மெல்லிய குரலில் சொன்னேன். வில்லை 17-ஐக் கண்டுபிடிக்க முடியவில்லை, கடன் இன்னும் தீரவில்லை என்றும் சொன்னேன். சென்ற ஆண்டின் டிசம்பரில், துயரின் மறதியில், அந்தத் தொகையை யாரும் கொடுக்கவில்லை. அதையும் ஒளிக்கவில்லை. அந்த ஓர் ஆண்டின் வெற்றிடத்தைப் புத்தகத்தில் என் கையால் நிரப்பி, இரண்டு ஆண்டுக்கும் சேர்த்துக் கொடுப்பேன் என்று அங்கேயே நிய்யத்து செய்தேன். நான் ஊரில் இல்லாத ஆண்டுகளில் என் மகன் போவான். அவனுக்கும் கால் கிலோ அல்வா உண்டு.

வாசக அன்பர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருக்கக்கூடும். ஏதோ ஓர் ஊரை, ஏதோ ஒரு பழைய நண்பரை, பிறந்த வீட்டின் ஒரு கிணற்றையாவது ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று அவர் கேட்டிருக்கலாம். நீங்களும் என்னைப் போலவே, இன்ஷா அல்லாஹ் அடுத்த விடுமுறையில் என்று சொல்லியிருக்கலாம். இன்ஷா அல்லாஹ் என்பது இறைவனை முன்னிறுத்திச் செய்யும் வாக்குறுதி. அதைத் தட்டிக் கழிக்கும் சொல்லாக நான் ஆக்கிக்கொண்டேன். பெரியவர்கள் மன்னித்துவிடுவார்கள், கோடு போட்டு அடித்துவிடுவார்கள். அந்தக் கோட்டைப் பார்க்கும் நாள்தான் நமக்குத் தாங்காது.

யா அல்லாஹ்! எங்கள் அப்பா அவர்களின் கபுறை ஒளியாலும் விசாலத்தாலும் நிரப்புவாயாக! அன்று கடலில் மாண்ட அத்தனை உயிர்களின் உற்றாருக்கும் ஆறுதல் அளிப்பாயாக! பெயர் தெரியாத அந்த உழைப்பாளியின் கூலியை, எங்களால் சேர்க்க முடியாத அந்த இடத்திலும் நீயே சேர்ப்பித்துவிடுவாயாக! ஆமீன்.